எந்த ஸ்பூல் எங்கே: துலூம் குகை டைவ் நாட்குறிப்பு

ஞாயிறு

துலூம் வந்து சேர்ந்தாயிற்று. தண்ணீரில் இறங்குவது செவ்வாய்க்கிழமைதான். இன்று மாலை முழுக்கக் கயிறு சுற்றுவதிலேயே போனது, ஆகவே இன்றைய பதிவும் கயிற்றைப் பற்றியே.

மெக்சிகோவின் இந்தப் பகுதியில் தரைக்கு மேலே ஆறுகள் ஓடுவதில்லை. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, குகைகள் வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. குகையின் கூரை இடிந்து உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரிகிற இடங்களைத்தான் செனோட்டே என்கிறார்கள். 2018 ஜனவரியில் சாக் அக்துன், தோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு நீர்க்குகைத் தொகுதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று கண்டுபிடித்து அறிவித்தார்கள். அப்போது அளந்திருந்த மொத்த நீளம் 347 கிலோமீட்டர். அந்த இருட்டுக்குள் முதலில் போனவர்கள் ரீலிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே போய், பிறகு அந்தக் கயிற்றை வைத்தே அளந்திருக்கிறார்கள். இன்று நாம் உள்ளே போவதும் அவர்கள் விட்டுவந்த கயிற்றைப் பிடித்துத்தான்.

குகை டைவிங் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கடலில் சிக்கல் வந்தால் மேலே போய்விடலாம். குகையில் மேலே இருப்பது பாறை. வந்த வழியாகவேதான் திரும்ப வேண்டும், அந்த வழி எந்த நிமிடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். காலில் மாட்டும் துடுப்பான ஃபின் தரையை உரசினால் போதும், வண்டல் கிளம்பி விளக்கு வெளிச்சம் உள்ளங்கையைக்கூடத் தாண்டாது. ஆகவே வெளியே திறந்த நீரில் தொடங்கி, நாம் இருக்கும் இடம்வரை அறுபடாத ஒரு வழிக்கயிறு இருந்தாக வேண்டும். குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக அலசி அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979-ல் எழுதிய விதிகளில் இது முக்கியமானது. காற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உள்ளே போக செலவழிக்கலாம் என்பதும் அவர் வலியுறுத்தியதே.

அந்தக் கயிற்றை எடுத்துப் போவதற்கு மூன்று வகைச் சாமான்கள் உண்டு. கைப்பிடியும் சுழலும் உருளையும் உள்ள பிரைமரி ரீல். இதில் நூறு மீட்டரோ கொஞ்சம் கூடவோ கயிறு இருக்கும். வெளியிலிருந்து குகையின் நிரந்தரக் கயிறுவரை போட இது. அடுத்து ஜம்ப் ஸ்பூல், கைப்பிடியில்லாத சிறிய பிளாஸ்டிக் உருளை. பதினைந்திலிருந்து முப்பது மீட்டர் கொள்ளும். ஒரு நிரந்தரக் கயிற்றிலிருந்து பக்கத்துப் பாதையின் கயிற்றுக்குத் தாவ இது. கடைசியாக சேஃப்டி ஸ்பூல், சுமார் நாற்பத்தைந்து மீட்டர். கயிற்றையோ கூட்டாளியையோ தவறவிட்டால் தேடுவதற்கு மட்டும். வேறு எதற்கும் இதைத் தொடக்கூடாது.

இனி சுற்றும் வேலை. நைலான் கயிறு முதல்முறை நனையும்போது சுருங்கும். அதனால் புதுக்கயிற்றை ஊறவைத்த பிறகே மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு போட வேண்டும், இல்லாவிட்டால் தூரக்கணக்கு தவறிவிடும். ஸ்பூலை விளிம்புவரை நிரப்பவே கூடாது. கடையில் வரும்போது ததும்பத் ததும்ப நிரம்பித்தான் வரும். உள்ளே கொஞ்சம் தளர்வாகத் திருப்பிச் சுற்றினாலும் சுற்றுகள் விளிம்பைத் தாண்டி வழுக்கி விழும், பைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பின்னிக்கொள்ளும். நான் ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம் காலியாக விட்டேன். நுனியில் போடும் வளையம் அந்த ஸ்பூலே நுழைந்து வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாறையிலோ கயிற்றிலோ சுற்றி, ஸ்பூலை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு போடாமலே கட்டு விழும்.

திங்கள்

இன்று தண்ணீரில்லாப் பயிற்சி. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டபடியே நடப்பது. அதைவிட அதிக நேரம் எடுத்தது வேறொன்று. எங்கள் வழிகாட்டி எல்லோரையும் சாமான்களைத் தாங்கும் வார்ப்பட்டையான ஹார்னஸை முழுதாக மாட்டச் சொல்லி, எங்கே என்ன தொங்குகிறது என்று சுற்றிவந்து பார்த்தார்.

நான் சைட்மவுண்ட், அதாவது சிலிண்டர்கள் இரண்டும் விலாவோடு. நண்பர் பேக்மவுண்ட், இரட்டைச் சிலிண்டர் முதுகில். சாமான்களை வைக்கும் இடம் இதனாலேயே மாறிவிடுகிறது. அவருக்குத் தொடையில் பை இருக்கிறது. எனக்கு இடுப்புக்குக் கீழே, பின்புறம், ஒரு தட்டையான பை டி ரிங்கில், அதாவது ஹார்னஸில் உள்ள D வடிவ வளையத்தில், மாட்டியிருக்கும். பிரைமரி ரீல் இரண்டு பேருக்கும் பின்புற டி ரிங்கில்தான். நீந்தும்போது உடல் படுக்கையாக இருப்பதால் பின்னால் உள்ளது உடம்பின் நிழலிலேயே வரும், தரையைத் தொடாது. மார்பு டி ரிங்கில் ரீலைத் தொங்கவிட்டால் எடுக்கச் சுலபம்தான். ஆனால் அது வயிற்றுக்குக் கீழே ஊசலாடும். தாழ்வான இடத்தில் வண்டலைக் கீறும், நாம் பிடித்துவரும் கயிற்றிலேயே போய் மாட்டிக்கொள்ளும்.

"பின்னாடி கையை விட்டுத் துழாவுறது எனக்குச் சரிப்படாதுங்க. தொடைப்பைன்னா நேரா கை போகும்" என்றார் நண்பர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தொடைப்பைக்கும் ஒரு குறை உண்டு. ஸ்பூல்களை அப்படியே அள்ளிப் போட்டால் ஒன்றை இழுக்கும்போது இரண்டு சேர்ந்து வரும், ஒன்றின் ஸ்னாப் (மாட்டும் கொக்கி) இன்னொன்றின் கயிற்றைக் கவ்வியிருக்கும். தீர்வு எளிமையானது: பைக்குள் ஒரு பங்கி (ரப்பர் போல நீளும் கயிறு) வளையத்தைத் தைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதில் மாட்டுவது. பங்கி நீளும் என்பதால் ஸ்பூலை வெளியே இழுத்து, கண்ணால் பார்த்து, பிறகே கழற்றலாம். கை நழுவினாலும் அது பைக்குள்ளேயே திரும்பிப் போகும்.

நான் வழிகாட்டியிடம் கற்று முழுமனதோடு ஏற்றுக்கொண்ட விஷயம், வைக்கும் வரிசை. டைவ் திட்டத்தைக் காகிதத்தில் எழுதும்போதே ஸ்பூல் வரிசையையும் எழுதிவிட வேண்டும். முதல் ஜம்புக்கானது பையின் வாய்ப்பக்கம், இரண்டாவது அதற்கு உள்ளே. சேஃப்டி ஸ்பூல் இந்த வரிசையிலேயே சேராது. அதற்குப் பையின் ஒரு ஓரம் தனியாக, தன் சொந்த வளையத்தில். அதை எடுக்க வேறு எதையும் நகர்த்தும்படி இருக்கக்கூடாது. தேவைப்படும் நேரத்தில் வெளிச்சமும் இருக்காது, நிதானமும் குறைந்திருக்கும். நான் அதன் மேல் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றியிருக்கிறேன். உறை போட்ட விரலுக்கும் அது வேறாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் பின்புற டி ரிங்கிலேயே கொத்தாக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு சேஃப்டி ஸ்பூலும் பிரைமரியும் மட்டும் என்றால் அது சரியே: பிரைமரி மேலே, சேஃப்டி அடியில். டைவ் தொடங்கும்போதே பிரைமரி கைக்கு வந்துவிடுவதால் சேஃப்டியை மறைக்க ஒன்றும் இருக்காது. ஜம்ப் ஸ்பூல்களும் அதே வளையத்தில் சேரும்போதுதான் கணக்குக் குழம்புகிறது.

மாட்டும் ஸ்னாப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும், உள்ளே தள்ளினால் தானாகத் திறக்கும் கொக்கி இங்கே ஆகாது. அதன்மேல் கயிறு அழுந்தினால் தானாகவே உள்ளே புகுந்துவிடும். நமக்குத் தெரியாமலே நாம் கயிற்றோடு பிணைக்கப்பட்டிருப்போம். கட்டைவிரலால் இழுத்தால் மட்டும் திறக்கும் போல்ட் ஸ்னாப்தான் வேண்டும், துருப்பிடிக்காத எஃகில்.

செவ்வாய், கிரான் செனோட்டே

படிக்கட்டை ஒட்டி ஸ்னார்க்கல் போடுகிறவர்கள் கூட்டம். அவர்களைக் கடந்து கீழே இறங்கினால் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

இன்று ரீல் என் கையில். ரீல் பிடிப்பவர் முதலில் போவார், கடைசியில் வருவார். முதல் கட்டு திறந்த நீரில், நேராக மேலே போக முடிகிற இடத்தில். சற்று உள்ளே இரண்டாவது கட்டு, முதலாவது அவிழ்ந்தாலும் தாங்குவதற்கு. அதற்குமேல் பாறை முனைகளில் ஒரு சுற்று கொடுத்துக் கயிற்றை இழுவிசையோடு கொண்டுபோக வேண்டும். தளர்ந்த கயிறு மிதந்து சிக்கும். அதே சமயம் வளைவில் குறுக்கே இழுத்துவிட்டாலும் ஆபத்து: மனிதர் நுழைய முடியாத இடுக்குக்குள் கயிறு போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டலில் கண் தெரியாமல் கயிற்றைப் பிடித்துத் திரும்புகிறவர் அந்த இடுக்கின் வாயில் வந்து முட்டி நிற்பார். அதனால் கட்டும் ஒவ்வொரு இடத்திலும், கண்ணை மூடிக்கொண்டு இதைத் தொட்டபடியே ஒருவர் வர முடியுமா என்று நினைத்துப் பார்த்தே நகர்ந்தேன்.

பின்புற டி ரிங்கிலிருந்து ரீலை எடுக்கும் வேலையை இறங்குவதற்கு முன், மேற்பரப்பிலேயே முடித்தாயிற்று. எடுத்ததும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஒரு விரலால் உருளையைத் தொட்டபடியே கயிறு விட வேண்டும். விரலை எடுத்தால் உருளை தானாகச் சுழன்று கயிறு கூடு கட்டிக்கொள்ளும். விளக்கு இருக்கும் கையிலேயே ரீல், கட்டுவதற்கு மறுகை. மூடிய வகை ரீலைவிடத் திறந்த வகையே எனக்குப் பிடித்தம். சிக்கினால் எங்கே சிக்கியது என்று தெரியும், விரல் விட்டு எடுக்கலாம்.

வெளிச்சம் மங்கும் இடத்தில் அந்த எச்சரிக்கைப் பலகை, மண்டையோட்டு உருவத்தோடு. பயிற்சி இல்லாதவர்கள் இதைத் தாண்டாதீர்கள் என்பது செய்தி. குகையின் நிரந்தரக் கயிறு வேண்டுமென்றே வாசலிலிருந்து தள்ளி உள்ளேதான் தொடங்குகிறது, பயிற்சியில்லாத யாரும் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக. அதில் பிரைமரியின் நுனியைக் கட்டி, ரீலைப் பூட்டி, ஸ்னாப்பைக் கயிற்றிலேயே மாட்டி விட்டுவிட்டோம். திரும்பும்வரை அது அங்கேயே இருக்கும்.

அதற்கு அப்பால் இருப்பது சுண்ணாம்புக்கல் விழுதுகளின் காடு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன. அப்போது கூரையிலிருந்து சொட்டுச்சொட்டாக வளர்ந்தவை இவை. பின்பு கடல் உயர்ந்து குகை மூழ்கியது, வளர்ச்சியும் நின்றுபோனது. ஒரு மெல்லிய விழுதின் நுனி உடைந்து, உட்புறம் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. சமீபத்திய உடைப்பு. எதனால் என்று யாருக்கும் தெரியாது, ஃபின்னாக இருக்கலாம், தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாமானாகவும் இருக்கலாம். அது இனி வளரப்போவதில்லை. சாமான்களை உடம்போடு ஒட்டி வைப்பதைப் பாதுகாப்புக்கான விஷயமாக மட்டுமே இதுவரை நினைத்திருந்தேன். இந்த இடத்துக்கு நாம் தர வேண்டிய மரியாதையும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த வெள்ளை நுனி நாள் முழுக்க மனதை விட்டுப் போகவில்லை.

புதன், அக்துன் ஹா

எல்லோரும் கார்வாஷ் என்று அழைக்கிறார்கள். மேலே குளம்போல அல்லி இலைகள், முதல் சில மீட்டர் பச்சைப் பாசி கலங்கல், அதற்குக் கீழே சட்டென்று கண்ணாடித் தெளிவு.

இன்றைய திட்டத்தில் ஜம்ப் உண்டு. கண்ணீர் அறை என்ற பொருளில் பெயரிட்ட, விழுதுகள் நிறைந்த ஓர் அறைக்குப் போகும் பக்கப்பாதை. நிரந்தரக் கயிற்றில் போய்க்கொண்டே இருந்துவிட்டு, ஓரிடத்தில் அதை விட்டு, அந்தப் பக்கம் தெரிகிற இன்னொரு கயிற்றுக்குப் போக வேண்டும். இடையில் கயிறில்லாத சில மீட்டர்கள். தெளிந்த நீரில் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அதனாலேயே, இவ்வளவு கிட்டத்தில்தானே என்று கயிறு போடாமல் தாவும் ஆசை வரும். திரும்பும்போது நீர் இதே தெளிவில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

நண்பர்தான் ஸ்பூல் போட்டார். தொடைப்பையிலிருந்து எடுத்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். சரி, தொடைப்பையின் பெருமையை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பூலைப் பூட்டியிருக்கும் இருமுனை ஸ்னாப்பை, டபுள் எண்டரை, கழற்றியதும் என்ன செய்வது என்பதுதான் இங்கே முக்கியம். அது ஸ்பூலின் துளை வழியாகக் கயிற்றையும் சேர்த்துக் கவ்வியிருக்கும். கழற்றினால்தான் கயிறு வரும். கழற்றியதைக் கையிலேயே வைத்துக்கொண்டால் கட்டும்போது இடைஞ்சல். அவர் அதை உடனே வலது மார்பு டி ரிங்கில் மாட்டினார், ஒவ்வொரு முறையும் அதே இடம். அந்தப் பக்கத்துக் கயிற்றில் கட்டி முடித்ததும் கை நேராக அங்கே போனது. ஸ்பூலைப் பூட்டிக் கயிற்றோடு மாட்டிவிட்டு நகர்ந்தோம். ஸ்பூல் கைநழுவினால் சுழன்றுகொண்டே கயிறு விட்டுக் கீழே போய்விடும். அதனால் பூட்டில்லாத ஸ்பூலும் கையும் பிரியவே கூடாது.

நிரந்தரக் கயிற்றில் ஜம்ப் தொடங்கும் இடத்தில், வெளியேறும் பக்கமாக ஆளுக்கொரு அடையாளம் வைத்தோம். அம்பு வடிவ ஆரோ வெளியேறும் திசையைச் சொல்லும். வட்டமான குக்கி திசை சொல்லாது, இன்னார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். இவற்றுக்கும் பையில் ஓரிடம் வேண்டும். நான் ஒரு குட்டி பங்கி வளையத்தில் கோத்து, ஸ்பூல்களிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். ஸ்பூல் ஸ்னாப்புக்குள் குக்கி சிக்கினால் பிரித்தெடுப்பது பெரிய பாடு.

அந்த அறையைப் பற்றி எழுத வார்த்தை போதாது. கூரை முழுக்க ஊசி ஊசியாக. ஒருவரும் ஃபின்னை அசைக்காமல், மூச்சையும் மெதுவாக விட்டு, விளக்கை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தோம். குமிழிகள் கூரையில் பட்டாலே துகள்கள் உதிரும்.

திரும்பும் வழியில்தான் சாமான் வைக்கும் ஒழுங்குக்கு உண்மையான சோதனை. போகும்போது எல்லாம் கரையில் நிதானமாக அடுக்கியபடி இருக்கும். வரும்போது சுற்றிய கயிறு கொஞ்சம் தளர்வு, விரல்கள் குளிரில் மரத்துப்போயிருக்கும், காற்றின் அளவும் மனதில் ஓடும். பூட்டி ஏதோ ஒரு டி ரிங்கில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். தொங்கும் சாமான்களில் பெரும்பாலானவை இப்படி வரும்போது மாட்டியவைதான் என்றார் வழிகாட்டி. குழுவே நின்று, ஸ்பூல் பைக்குள் அதன் வளையத்துக்குப் போன பிறகே நகர வேண்டும் என்பது அவருடைய சட்டம். பயன்படுத்திய ஸ்பூல்களுக்குத் தனி வளையம் வைத்துக்கொள்ளவும் சொன்னார். போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை என்று தொட்டே எண்ணலாம். தளர்வாகச் சுற்றிய ஒன்று மறுபடியும் கைக்கு வராமலும் இருக்கும்.

வியாழன்

ஓய்வு. ஸ்பூல்களை இழுத்துப் பிடித்துத் திருப்பிச் சுற்றினோம், மதியம் தூங்கினேன்.

வெள்ளி, மாயன் ப்ளூ

இங்கே மேலே நன்னீர், கீழே கடல்நீர். இரண்டும் சந்திக்கும் அடுக்குதான் ஹாலோக்ளைன். யாரும் தொடாதவரை அது ஒரு தகடுபோலத் தெளிவாக நிற்கிறது. முதல் ஆள் நுழைந்து கலக்கிய பிறகு பின்னால் வருகிறவருக்கு எல்லாம் நெளிகிறது. கயிறு இரண்டாகத் தெரியும், என் கைக்கடிகாரத்தையே படிக்க முடியவில்லை. அந்த அடுக்கிலேயே வைத்துப் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை, விரலுக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. திங்கட்கிழமை செலவழித்த நேரம் இதற்காகத்தான்.

பிறகு, தொலைந்த கயிற்றைத் தேடும் பயிற்சி. வழிகாட்டி பக்கத்திலேயே இருக்க, கண்மறைப்பு போட்ட முகமூடியோடு என்னைக் கயிற்றிலிருந்து சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். முதல் வேலை, அசையாமல் நிற்பது. கயிறு கிட்டத்தில்தான் இருக்கிறது. பதறி நீந்தினால்தான் அது தூரமாகும். அப்புறம் இடக்கை தரையில் ஒரு பாறை முனையைத் தேட, வலக்கை பின்னால் போய்ப் பையின் ஓரத்தைத் தொட்டது. ரப்பர் பட்டை. இழுத்தேன், தனியாக வந்தது. டபுள் எண்டர் மார்பு டி ரிங்குக்கு. நுனி வளையம் பாறைமேல், ஸ்பூல் வளையத்துக்குள், ஓர் இழு. கட்டு பிடித்ததா என்று மறுபடியும் இழுத்துப் பார்த்து, கயிறு இருக்கக்கூடும் என்று மனதில் பட்ட திசையில் கையை மேலும் கீழுமாக வீசிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு திசையில் கிடைக்கவில்லை என்றால் சுற்றிக்கொண்டே கட்டிய இடத்துக்குத் திரும்பி, வேறு திசை. சேஃப்டி ஸ்பூலின் அருமையே இதுதான். எவ்வளவு தேடினாலும், தொடங்கிய இடம் தொலையாது.

கை வீச்சில் கயிறு தட்டியது. அந்த நொடியின் ஆறுதலை எப்படிச் சொல்வது! பயிற்சி என்று தெரிந்திருந்தும் இதயம் அடித்துக்கொண்டது. நான் ஸ்பூலை அதில் கட்டிப் பூட்டிவிட்டு, குக்கியை மாட்டிய பிறகே வழிகாட்டி கண்மறைப்பை எடுத்தார்.

நண்பருடைய முறை வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய சேஃப்டி ஸ்பூல் வலது தொடையில். பாறை முனை கிடைத்ததோ அவருடைய வலப்பக்கம். வலக்கையால் பாறையைப் பிடித்தபடி இடக்கையை வலது தொடைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. செய்தார், ஆனால் நேரம் பிடித்தது. எந்தக் கையாலும் எட்டுகிற இடம் என்று பார்த்தால் பின்புற நடுவில் இருக்கும் பைக்கு ஒரு சாதகம் உண்டு. கரையேறியதும் அவரே அதைச் சொன்னார். "இனி ரெண்டு கையாலயும் எடுத்துப் பழகிக்கிறேன், பையை மாத்தறதா இல்லை." அதுவும் சரியே. பழகிய இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நல்லதல்ல.

சனி

எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்தோம். உப்பு காய்ந்தால் ஸ்னாப்பின் உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங்தான் முதலில் இறுகும், ஆகவே ஒவ்வொரு ஸ்னாப்பையும் தண்ணீருக்குள்ளேயே பலமுறை இழுத்து விட வேண்டும். ஸ்பூல்களை முழுவதுமாக அவிழ்த்து நிழலில் காயவைத்தாயிற்று. ஈரத்தோடு சுற்றி மூட்டைகட்டினால் உள்சுற்று நாறும்.

அவிழ்க்கும்போது விரலால் உருவிக்கொண்டே வந்ததில், ஒரு ஜம்ப் ஸ்பூலின் நுனி வளையத்துக்குச் சற்றுத் தள்ளி இழைகள் பிசிர் விட்டிருந்தன. பாறை முனையில் உரசிய இடம். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புது வளையம் போட்டு, முடிச்சுகளை நுனியிலிருந்து மறுபடியும் அளந்து மாற்றினேன். அடுத்த பயணத்துக்குப் பையில் ஒரே ஒரு மாற்றம்: பயன்படுத்திய ஸ்பூல்களுக்கான வளையத்தை இன்னும் கொஞ்சம் நீளமாகத் தைக்க வேண்டும், உறை போட்ட இரண்டு விரல் நுழையும் அளவுக்கு.